சரியானதை மட்டும்

பத்தொன்பது வருஷம் உட்கார்ந்து பார்த்த அதே வேலைக்கு, அதே கட்டடத்தில், பரீட்சை எழுதிவிட்டு வா என்றால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? ஸ்டிக்கரக்காவுக்கு வந்தது. கம்பெனிக் கடிதத்தை மூன்று தரம் படித்தாள். நான்காம் தரம் படிக்காமல் மேஜைமேல் விசிறி அடித்தாள்.

சட்டை தைக்கும் ஃபேக்டரியில், தைத்து வருவதில் குறை கண்டுபிடிப்பது அவள் வேலை. சிவப்பு அம்பு போட்ட ஸ்டிக்கர் ரோல் ஒன்று எப்போதும் இடது மணிக்கட்டில் மாட்டியிருக்கும். தையல் விட்டுப்போன இடம், எண்ணெய்க் கறை, நூலளவு ஏறி இறங்கிய காலர், எதுவாயிருந்தாலும் அங்கே ஒரு அம்பு. நல்ல சட்டைக்கு ஒன்றும் கிடையாது; அது பேசாமல் தாண்டிப் போகும். வீட்டிலும் அவள் அதே ஆள்தான். புருஷன் துணி காயப்போடும் லட்சணம், எதிர்வீட்டுக்காரர் வண்டி நிறுத்தும் அழகு, எல்லாவற்றுக்கும் வாயாலேயே அம்பு ஒட்டுவாள். நல்லது நடந்தால் மூச்சு விடமாட்டாள்.

ஒன்பது மாதத்துக்கு முன்னால் ஃபேக்டரியை இழுத்து மூடினார்கள். இப்போது வேறு ஒரு முதலாளி வாங்கியிருக்கிறார். பழைய ஆள் என்கிற சலுகையெல்லாம் கிடையாதாம். எல்லோரும் எழுத்துத் தேர்வு எழுத வேண்டும், பிறகு நேர்முகம். தேர்வு நாளன்று நாற்பத்தைந்து வயது முடிந்திருக்கக் கூடாது. தேர்வு பத்தாம் தேதி. அவளுக்கு நாற்பத்தைந்து முடிவது பதின்மூன்றாம் தேதி. இந்தத் தடவை விட்டால் விட்டதுதான். அடுத்த தடவை கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்புறம் காலம் பூரா பகலெல்லாம் அந்த வீடு, அந்தச் சமையலறை, கூடவே நாத்தனார்.

நாத்தனார் என்றால் புருஷனுடைய தங்கை. ஏழு வருஷத்துக்கு முன்னால், தானே பார்த்துப் பிடித்த ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டு போனாள். ஒன்றரை வருஷத்தில் ஒரு பெட்டியோடும், ஒடிந்து கோணலாகச் சேர்ந்த சுண்டுவிரலோடும் திரும்பி வந்தாள். அன்று முதல் மாடி அறை அவளுடையது. கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஆபீஸ் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாள். வேலை தேடி வருகிறவர்களைக் கேள்வி கேட்டுப் பிழிந்தெடுப்பதுதான் பிழைப்பு. அண்ணிக்கும் அவளுக்கும் ஆகவே ஆகாது. ஒரு பக்கெட் தண்ணீருக்குக்கூட முறைத்துக்கொள்வார்கள்.

விசிறி அடித்த கடிதத்தை எடுத்துப் படித்தது அவள்தான்.

"நாப்பது கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் நாலு பதில். உங்களுக்கு வராது அண்ணி."

"ஏன் வராது? நான் பத்தாவது பாஸ்."

"எந்தக் காலத்துல? உக்காருங்க, சொல்லித் தரேன்."

"உன் தயவு ஒண்ணும் எனக்கு வேண்டாம்."

"தயவுன்னு யாரு சொன்னா? பகல்ல நீங்க வீட்ல இருந்தா எனக்கு வேலை ஓட மாட்டேங்குது. எப்படியாவது எழுதிட்டுப் போய்த் தொலைங்க."

அந்தப் பதில் ஸ்டிக்கரக்காவுக்குப் பிடித்திருந்தது. பூசி மெழுகாத பேச்சு. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

முதல் மாதிரித் தாளை அரை மணியில் முடித்துப் பெருமையாக நீட்டினாள். வாங்கிப் பார்த்த நாத்தனார் தலையில் கை வைத்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று வட்டம் கன்னங்கரேலென்று நிரப்பியிருந்தது. ஒன்று மட்டும் வெறுமையாக இருந்தது.

"என்ன அண்ணி இது?"

"தப்பெல்லாம் காட்டியிருக்கேன்ல? மிச்சம் இருக்கிறதுதான் சரி."

"சரியானதைத்தான் கறுப்பாக்கணும்! மெஷின் திருத்துது. மூணு வட்டத்தைப் பாத்தா சைபர் போட்டுட்டுப் போயிட்டே இருக்கும்!"

"சரியா இருக்கிறதை எதுக்குக் குறிக்கணும்? அதான் சரியா இருக்கே!"

இரண்டு பேரும் கத்திய கத்தலில் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்த புருஷன் பாதியிலேயே இறங்கிப் போய்விட்டார். ஒன்பது நாளும் இதே ரகளை. கணக்கு, வடிவம், வார்த்தை, எல்லாம் அவளுக்குத் தெரிந்தது. கைதான் சொன்ன பேச்சு கேட்கவில்லை. தலைகீழாகத் திருத்தினால் நாற்பதுக்கு முப்பத்தாறு. மெஷினிடம் கொடுத்தால் முட்டை.

நேர்முகப் பயிற்சி அதைவிட மோசம்.

"உங்க பலவீனம் என்ன?" என்று கேட்டாள் நாத்தனார், முகத்தை அதிகாரி மாதிரி வைத்துக்கொண்டு.

"மூட்டு வலி."

"ஐயோ கடவுளே! அப்படியே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. 'எதையும் குறையில்லாம முடிக்கிற வரைக்கும் எனக்குத் தூக்கம் வராது, அதான் என் பலவீனம்'னு சொல்லணும்."

"நான் தலையைச் சாய்ச்சா தூங்கிடுவேனே."

"பொய்தான் அண்ணி. எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. கேக்கறவங்களுக்கும் தெரியும்."

"பின்ன எதுக்குக் கேக்கறாங்க?"

"பொய்யை ஒழுங்கா சொல்றீங்களான்னு பாக்கத்தான். உங்களுக்குப் பொருத்தமான பதில்தானே அது? இத்தனை வருஷத்துல என்கிட்ட ஒரு நல்லது பாத்திருப்பீங்களா? உங்க கண்ணுக்குத் தப்பி ஒரு குறை போயிருக்குமா?"

 ஸ்டிக்கரக்கா அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எழுந்து போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

பத்தாம் தேதி காலை செருப்பு மாட்டும்போது நாத்தனார் வந்து அவள் இடது கையைப் பிடித்து இழுத்தாள். ஸ்டிக்கர் ரோல் மாட்டும் இடத்தில் பேனாவால் அழுத்தி எழுதினாள்: சரியானதை மட்டும். எழுதி முடிக்கும் வரை அந்தக் கோணல் விரல் ஸ்டிக்கரக்காவின் நாடித் துடிப்பின்மேல் அழுந்திக்கொண்டிருந்தது.

"கையைக் கழுவித் தொலைச்சிடாதீங்க" என்றாள் நாத்தனார்.

தேர்வு, ஃபேக்டரியின் பழைய கேன்டீனில். பத்தொன்பது வருஷம் சோறு தின்ற இடத்தில் ஆளுக்கொரு பெஞ்சு, ஆளுக்கொரு நம்பர். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் அவளுடைய ஆறாம் நம்பர் மேஜை பிளாஸ்டிக் உறை போர்த்திக்கொண்டு கிடந்தது. அதைப் பார்த்ததும் வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. அந்த எரிச்சலிலேயே தாளைத் திருப்பினாள். முதல் மூன்று கேள்விக்கும் தப்புகளாகத் தேடித் தேடிக் கறுப்பாக்கினாள். நான்காவதற்குப் போகும்போது சட்டைக் கை மேலேறியது. மணிக்கட்டு கண்ணில் பட்டது. அடக் கிரகமே என்று ரப்பரை எடுத்துத் தாள் கிழியாமல் அழித்தாள். அதற்கப்புறம் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு தரம் கையைப் பார்த்துக்கொண்டாள். நாற்பதையும் முடித்தபோது மணி அடித்தது.

மதியம் நேர்முகம். பழைய மானேஜர் அறையில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாவும், ஸ்டிக்கரக்காவுக்கு மகனாகும் வயதில் ஒரு இளைஞனும். அவன் எடுத்த எடுப்பிலேயே, "இந்த வயசுல கண்ணு சரியாத் தெரியுமாம்மா?" என்றான்.

"உங்க காலர்ல இடது முனையில தையல் பிரிஞ்சிருக்கு. இங்கேருந்தே தெரியுது."

அவன் கை தானாகக் காலருக்குப் போனது. கண்ணாடியம்மா சிரிக்கவில்லை.

"உங்க பலவீனம்?"

"எதையும் குறையில்லாம முடிக்கிற வரைக்கும்…"

"போதும்" என்று அந்த அம்மா கையை உயர்த்தினார். "காலையிலேருந்து பதினாலு பேர் இதையே ஒப்பிச்சுட்டாங்க. நான் வேற மாதிரி கேக்கறேன். குறைன்னு தெரிஞ்சும் நீங்க பேசாம விட்டது ஏதாவது உண்டா?"

"கிடையாது."

"ஒண்ணுகூடவா? பத்தொன்பது வருஷத்துல? அப்ப நீங்க பொய் சொல்றீங்க. பொய் சொல்ற செக்கர் எங்களுக்கு எதுக்கு?"

மேஜை கைவிட்டுப் போவது ஸ்டிக்கரக்காவுக்குக் கண்ணெதிரே தெரிந்தது. மணிக்கட்டைப் பார்த்தாள். 

"ஒண்ணு உண்டு. சட்டை இல்ல. ஒரு ஆளு" என்றாள்.

நாத்தனார் தான் கட்டிக்கொள்ளப் போகிறவனைக் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள் அவன் அம்மாவோடு வீட்டுக்கு அழைத்து வந்திருந்தாள். ஹாலில் ஒரே சிரிப்பும் பேச்சும். ஸ்டிக்கரக்கா சமையலறை வாசலில் தட்டோடு நின்றிருந்தாள். அவன் அம்மா கைதவறி டீயை மேஜையில் கொட்டிவிட்டார். அவன் துடைப்பதற்காகத்தான் கையை நீட்டினான். அதற்குள் அந்த அம்மா அடியைத் தடுப்பது போல முழங்கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். ஒரு நொடிதான். அடுத்த நொடி எல்லோருடனும் சேர்ந்து சிரித்தார். வேறு யாரும் பார்க்கவில்லை. குறை பார்க்கிற கண் பார்த்துவிட்டது.

"ஏன் சொல்லல?" என்றார் கண்ணாடியம்மா.

"எனக்கும் என் நாத்தனாருக்கும் ஆகாதும்மா. அவ வீட்டை விட்டுப் போனாப் போதும்னு இருந்துச்சு. வாயை மூடிக்கிட்டேன்."

இளைஞன் காலரை விட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தான். கண்ணாடியம்மா என்னவோ வெகுநேரம் எழுதினார். "போகலாம்" என்றார்.

பதினோராம் தேதி சாயங்காலம் போனில் செய்தி வந்தது. நாத்தனார்தான் பிடுங்கிப் படித்தாள். "அண்ணி, எடுத்துட்டாங்க! திங்கக்கிழமை சேரணும்!" என்று கூவினாள். ஸ்டிக்கரக்கா அவளை இவ்வளவு சந்தோஷமாகப் பார்த்துப் பல வருஷம் ஆகிறது. நாத்தனார் தன் ஆபீஸ் நோட்டை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஒண்ணு விடாம சொல்லுங்க. பலவீனம் கேட்டாங்களா? நான் சொல்லிக் குடுத்த பதில்தானே வேலை செஞ்சுது?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். பாவி, அதைச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? அந்தச் சிரித்த முகத்தை வைத்துக்கொண்டு அவளால் முடியவில்லை. இல்லை என்றாள். பிறகு டீ, முழங்கை, தான் வாயை மூடிக்கொண்ட காரணம், எல்லாவற்றையும் சொன்னாள். வேலை கிடைக்க வேண்டுமே என்றுதான் அங்கே அதைச் சொன்னாள் என்பதையும் மறைக்கவில்லை.

நாத்தனார் நோட்டை மூடினாள்.

"அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேட்டிருக்க மாட்டே."

"கேட்டிருக்க மாட்டேன். உங்களைக் கிழிகிழின்னு கிழிச்சிருப்பேன். ஆனா அவன் முதல் தடவை கையை ஓங்கினப்ப, அண்ணி சொன்னாங்களேன்னு தோணியிருக்கும். அன்னிக்கே கிளம்பி வந்திருப்பேன். விரல் விரலா இருந்திருக்கும்."

ஸ்டிக்கரக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"என் தப்புன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன் அண்ணி இத்தனை நாள். எனக்குத்தான் ஆள் பாக்கத் தெரியலன்னு. யாருன்னே தெரியாத ரெண்டு பேர்கிட்ட, ஒரு வேலைக்காகச் சொல்லியிருக்கீங்க. என்கிட்ட ஏழு வருஷமா சொல்லல."

"தப்புதான்."

"தெரியுது" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். கதவு படாரென்று அறையும், சண்டை தொடங்கும், இரண்டு நாள் கத்திவிட்டு ஓயும் என்று ஸ்டிக்கரக்கா காத்திருந்தாள். கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

திங்கட்கிழமை ஆறாம் நம்பர் மேஜையின் உறையை அவளே உருவி எடுத்தாள். ஆசைப்பட்டது கையில் வந்தாயிற்று. முதல் நாளே நாற்பத்தேழு சட்டையில் அம்பு ஒட்டினாள். மணிக்கட்டிலிருந்த எழுத்து தேய்த்துத் தேய்த்தும் முழுக்கப் போயிருக்கவில்லை. ரோலை அதன்மேல் மாட்டி மறைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது புருஷன் படியில் உட்கார்ந்திருந்தார். "தங்கச்சி வெளியில ரூம் எடுத்துக்கிட்டுப் போயிட்டா. அதே பெட்டியத் தூக்கிக்கிட்டு. ஏன்னு கேட்டா அண்ணியக் கேளுங்கறா. என்ன சொன்னே அவகிட்ட?"

அவள் நேரே மாடி ஏறினாள். ஏழு வருஷத்துக்கு முன்னால் வேண்டிக்கொண்டது இதைத்தான். ஏதாவது ஒன்று இருக்கும், குப்பை, கறை, மறந்து போட்ட துணி, அதைப் பிடித்துக்கொண்டு நாலு வார்த்தை திட்டலாம் என்று அறை முழுக்கப் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில், அலமாரி மூலையில், ஜன்னல் கம்பியில்கூடத் தடவிப் பார்த்தாள். நாத்தனார் அறையைக் கூட்டித் துடைத்து, ஒரு குறை சொல்ல இடமில்லாமல் வைத்துவிட்டுப் போயிருந்தாள். ஸ்டிக்கர் ரோலைக் கழற்றக்கூட மறந்து அவள் நடு அறையில் நின்றாள்.