தம்பியின் உஸ்தாத்

எனக்கு வயது அறுபத்தெட்டு. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். பெற்றது ஐந்து, அவர்களுக்கெல்லாம் மூத்ததாக என் கையில் வளர்ந்தவர் என் தம்பி. அவருடைய முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் சொந்தங்களும் நண்பர்களும் அறிய வேண்டி நான் சொல்லச் சொல்ல, என் பேத்தி எழுதுகிறாள்.

தம்பி பிறந்தது ஏற்காட்டு மலையில், எங்கள் ஊர் தலைச்சோலையில். அவர் தவழும்போதே அம்மா போய்விட்டார். எனக்கு அப்போது பத்து வயது. அவரை முதுகில் கட்டிக்கொண்டுதான் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தேன். கேழ்வரகுக் களியை விரலால் மசித்து ஊட்டினேன். மலைக்குளிருக்கு எங்களுக்கு இருந்தது ஒரே கம்பளி. காலையில் அதை நாலு மூலை சேர்த்து, ஓரம் வெளியே தெரியாமல் மடிக்கச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

மீசை அரும்பிய வயதில், சேலத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டு மலைப்பாதையில் நடந்தே இறங்கிப் போனார். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு லீவில் வந்தபோது வாய்க்கு வாய் உஸ்தாத். கோழி கூவுமுன் எழுந்தால் உஸ்தாத் பழக்கியதாம். சட்டைப் பொத்தான் தைத்தால் உஸ்தாத் காட்டியதாம். அவர் கம்பளியை மடித்து வைத்திருந்ததைப் பார்த்த ஊரார், "பட்டாளத்து மடிப்புன்னா சும்மாங்களா" என்றார்கள். தம்பி சிரித்துக்கொண்டு நின்றார். யார் சொல்லிக்கொடுத்தது என்று வாய் திறக்கவில்லை.

உஸ்தாத் என்பது ஒரு ஆளின் பெயர் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். ஒரு முறை பொறுக்காமல் கேட்டேன்.

"ஏஞ்சாமி, அந்த உஸ்தாத்துக்குப் புள்ளகுட்டி இல்லையா? ஊரான் ஊட்டுப் புள்ளையவே சீராட்டிக்கிட்டு இருக்கறாரு?"

தம்பிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "அது ஆள் பேரு இல்லீங்க அக்கா. நமக்குச் சொல்லிக்குடுக்கறவங்க யாரா இருந்தாலும் உஸ்தாத்துதானுங்க."

"அப்படியா" என்று மட்டும் சொன்னேன்.

பங்களாதேஷ் சண்டைக்குப் போய் நல்லபடியாகத் திரும்பினார். ஹவில்தாராக ஓய்வு பெற்று வாழவந்தியில் வீடு கட்டினார். யாருக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் ஜீப் பிடித்துச் சேலம் ஆஸ்பத்திரி வரைக்கும் கூடவே போவார். "மிலிட்டரிக்காரரு, அதான் நொம்ப நல்ல கொணம்" என்று ஏற்காட்டுக் கடைவீதியில் பேசிக்கொள்வார்கள். அரைக்கால் சட்டை போட்ட வயதிலேயே பக்கத்து வீட்டுக் கிழவிக்குத் தண்ணீர் சுமந்தவர் அவர். அது கடைவீதிக்குத் தெரியாது.

போன வருடம் மார்ச்சளி கண்டு படுத்தார். நினைவு தப்பியது. சம்சாரம் கஞ்சி கொடுத்தாலும், மகன் கொடுத்தாலும் வாயை இறுக்கிக்கொள்வார். ஒரு நாள் கண்ணை மூடியபடியே "உஸ்தாத்" என்றார்.

"யாரக் கூப்புடறாருன்னு தெரியலீங்களே நங்கை" என்று அவர் சம்சாரம் நாத்தனாரான என்னிடம் அழுதாள்.

நான் கிண்ணத்தை வாங்கினேன். "இங்கதான் இருக்கறேன் சாமி, வாயத் தொற" என்றேன். திறந்தார். கிண்ணம் முழுவதும் குடித்தார். அதற்கப்புறம் என் கையைத் தவிர வேறு யார் கையிலும் அவர் குடிக்கவில்லை. அந்த வாரமே என் மடியில் போய்ச் சேர்ந்தார்.

பட்டாளத்து நண்பர்கள் மாலையோடு வந்தார்கள். அவர்களில் ஒருவர், "எங்க ஆளுங்கம்மா இவரு. பட்டாளம் வளத்த புள்ளைங்க" என்றார்.

"பட்டாளத்துல எடுக்கறப்ப ஒசரம் அளந்துதானுங்களே எடுத்தீங்க?"

"ஆமாங்கம்மா."

"அந்த ஒசரம் யாரு ஊட்டுல வளந்துச்சுங்க?"

அவர் மாலையை என் கையில் கொடுத்து, முதலில் என்னைப் போடச் சொன்னார்.

அந்த நண்பர்களுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும், மழையில் நனைந்துகொண்டே பந்தல் போட்ட தலைச்சோலைப் பிள்ளைகளுக்கும் என் நன்றி. தம்பி சம்சாரத்துக்கும் நன்றி. அவளும் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள்.

கண்ணு, தம்பி கஞ்சி குடிச்ச எடத்த ஒருக்கா படிச்சுக் காட்டு. அக்கான்னு கூப்புட்டாருன்னு மாத்தி எழுதிப்புட்டியா? வேண்டாஞ்சாமி. உஸ்தாத்துன்னே இருக்கட்டும்.