பம்பை கட்டிய பூங்காவனம்

ஒடுகத்தூர் பக்கம் மலையடியில் இருக்கிற எங்கள் ஊரின் கெங்கையம்மன் திருவிழாவுக்குப் பூங்காவனத்தின் பம்பை மேளக் குழுவை அழைக்கலாமா என்ற பேச்சு வந்தபோது, அவர் வாசிப்பை யாரும் குறை சொல்லவில்லை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் பொங்கல் விழாவில் அவரும் அவரிடம் கற்ற பெண்களும் பம்பை அடித்த வீடியோ எல்லோர் போனிலும் இருந்தது. பயம் வேறொன்றைப் பற்றி.

ஆடியில் கூழ் ஊற்றும் நாளில், பம்பை ஏற ஏற யாராவது ஒருவர் மேல் சாமி வரும். ஊர் கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்த பிறகு, பம்பைக்காரர் அடியை மெல்ல மாற்றி அந்த ஆளைத் தரைக்குக் கொண்டுவர வேண்டும். சாமியை மலையேற்றுவது என்பார்கள். அதுவரை பம்பை நிற்கக் கூடாது.

"பொம்பளைங்களுக்கு சாமி சட்டுனு வந்துடும்," என்றார் கோயில் தர்மகர்த்தா கோதண்டராமன். "அடிக்கறவளுக்கே வந்துட்டா எறக்கறது யாரு? நானா?"

"நீ அடிச்சா அம்மன் ஊரை உட்டே ஓடிடும்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

யாரோ தீட்டுப் பேச்சையும் எடுத்தார்கள். "அது அவங்களுக்குத் தெரியாதா? நீ போய் சொல்லிக் குடுக்கப் போறியா?" என்று கோதண்டராமனே அதை அடக்கிவிட்டார். கடைசியில் பூங்காவனத்தை அழைப்பது, எங்கள் ஊருக்கு வழக்கமாக அடிக்கும் ராமமூர்த்தியையும் எதற்கும் பக்கத்தில் நிறுத்திவைப்பது என்று முடிவாயிற்று.

"இன்னா, என்னை ஸ்பேர் டயராக்கிட்டீங்களா?" என்றார் ராமமூர்த்தி. ஆனாலும் வருவதாகச் சொன்னார்.

பூங்காவனம் படிப்பு முடிந்த கையோடு ஆம்பூரில் ஷூ கம்பெனித் தையல் லைனில் சேர்ந்தவர். இப்போது அந்த லைனுக்கே சூப்பர்வைசர். கணவர் ராமலிங்கம் உடுக்கை அடித்துப் பாடுகிறவர். வீட்டில் பாடிப் பழக, கூட அடிக்க ஆள் இல்லாமல், மரத்தில் ஒன்றும் பித்தளையில் ஒன்றுமாய்ச் சேர்த்துக் கட்டிய பம்பையை மனைவியின் இடுப்பில் கட்டிவிட்டார். ஒரு மழைக்காலம் முழுக்க அடித்ததில் அந்தக் கை அவர் பாட்டைத் தாண்டிப் போய்விட்டது. "மூச்சு வாங்குது பூங்காவனம், மெதுவா அடி," என்று அவர் கெஞ்சியதைத் தெருவே கேட்டது.

சாவு வீடுகளுக்கு அழைத்தார்கள். கட்சி மேடைகளுக்கு, பள்ளிக்கூட ஆண்டு விழாக்களுக்கு அழைத்தார்கள். அம்மன் முன்னால் மட்டும் ஒரு ஊரும் அழைக்கவில்லை. பம்பை அம்மனை வரவழைக்கவே உண்டானது. அந்த இடத்தில் மட்டும் நீ வேண்டாம் என்றால், நான் இத்தனை வருஷம் அடித்ததற்குப் பேர் என்ன என்று ஒருமுறை ராமலிங்கத்திடம் கேட்டிருக்கிறார். அவர் உடுக்கையின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தாராம்.

லைனில் வேலை செய்கிற பெண்கள் சிலர் கற்றுக்கொள்ள வந்தார்கள். அடித்துப் பழக இடம் இல்லை. தோல் வியாபாரி நயீம் அகமது தன் காலி கோடவுனைத் திறந்துவிட்டார். "நாத்தம் ஜாஸ்திமா. பொறுத்துக்குவீங்கன்னா அடிச்சிக்கோங்க. மசூதியில பாங்கு சொல்றப்ப மட்டும் கொஞ்சம் நிறுத்துங்க."

அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவனம் சொல்லிக் கொடுத்த விதத்தை வேறு எங்கும் பார்க்க முடியாது. அடி உச்சத்துக்குப் போகிற நேரம் பார்த்துப் பேச்சுக் கொடுப்பார். இன்னாடி, பஸ் பாஸ் புதுப்பிச்சியா? உன் மாமியார் திரும்பி வந்துட்டாளா? கை தவறாமல் பதில் வர வேண்டும். பதில் வரவில்லை என்றால் ஆள் எங்கோ போய்விட்டாள் என்று அர்த்தம். "அம்மன் வர்றது ஜனங்க மேல. நம்ம வேலை கதவைத் தொறந்து புடிச்சிக்கறது. கதவைப் புடிச்சிருக்கறவளே உள்ள பூந்துட்டா எப்படி?" என்பார்.

அதில் நன்றாகத் தேறியவள் நிஷா. அவள் அம்மாவுக்கு ஆடி தவறாமல் சாமி வரும். எங்கள் ஊருக்கு வரும் வழியில் பஸ்ஸிலேயே நிஷா கேட்டாள்.

"அக்கா, எனக்கு வந்துட்டா?"

"வந்தா நம்ம கதை முடிஞ்சிது. சுத்துப்பட்டுல இனிமே ஒருத்தனும் கூப்பிட மாட்டான். அதனால வராம பாத்துக்க."

"அது என் கையிலயா இருக்கு?"

"குச்சி உன் கையிலதான இருக்கு."

கூழ் ஊற்றுகிற நேரத்துக்கு வெயில் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. ராமலிங்கம் அம்மனை வர்ணித்துப் பாட ஆரம்பித்தார். பூங்காவனம் வலது பக்கம், நிஷா இடது பக்கம். பின்னால் வேப்பமரத்தை ஒட்டி ராமமூர்த்தி, தன் பம்பையைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஊரில் பாதிப்பேர் அம்மனைப் பார்க்கவில்லை. அந்த இரண்டு பெண்களின் கண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாட்டு வேகம் எடுத்தது. பித்தளையிலிருந்து வந்த ஒலி மலையில் பட்டுத் திரும்புவதற்குள் அடுத்த அடி விழுந்தது. நிஷாவின் கண்கள் மேலே ஏறத் தொடங்கின. தோள் ஒருமுறை வெட்டியது. கோதண்டராமன் ராமமூர்த்தியைத் திரும்பிப் பார்த்தார்.

"நிஷா, நேத்து இன்னா கொழம்பு?" என்றார் பூங்காவனம், கையை நிறுத்தாமல்.

பதில் இல்லை.

"ஏய், கொழம்பு இன்னா வெச்சே?"

"காராமணி," என்றாள் நிஷா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"உப்பு?"

"கம்மிக்கா."

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். நிஷாவின் கண்கள் குச்சிக்கு இறங்கி வந்தன. ஒரு அடிகூடத் தவறவில்லை.

அப்போதுதான் வேப்பமரத்தடியில் ஒரு சத்தம். திரும்பினால், ராமமூர்த்தி. கட்டியிருந்த கைகள் பிரிந்து, தலை சுழன்று, வேட்டி அவிழ்வது தெரியாமல் ஆடிக்கொண்டு நடுவில் வந்துவிட்டார். அவர் மேல் சாமி வந்து யாரும் பார்த்ததில்லை. கோதண்டராமனுக்கு ஒரு நிமிடம் என்ன செய்வதென்று புரியவில்லை. பிறகு கற்பூரத்தட்டோடு போய் அவர் முன்னால் குனிந்து, யார் வந்திருப்பது என்று முறைப்படி கேட்டார்.

"கெங்கை," என்றது ராமமூர்த்தியின் வாய். "ஏன் நிறுத்தறே? அடிக்கச் சொல்லு."

யாரும் நிறுத்தியிருக்கவில்லை.

மழை பற்றிக் கேட்டார்கள். நிலக்கடலை பற்றிக் கேட்டார்கள். கேட்டு முடிந்ததும் எல்லோரும் பூங்காவனத்தைப் பார்த்தார்கள். பம்பைக்காரரையே இறக்க வேண்டும். அவருக்குத் தெரியாத அடி எது? பூங்காவனம் அவசரப்படவில்லை. நிஷாவை மர உருளையில் மட்டும் அடிக்கச் சொல்லிவிட்டு, அவர் காலைப் பார்த்துக்கொண்டே, அது தரையில் விழுகிற இடத்தில் ஒரு அடி வைத்தார். அடுத்த அடி சற்றுத் தள்ளி. கால் அதைத் தேடிப் போனது. இன்னும் தள்ளி. தூங்காத பிள்ளையைத் தோளில் போட்டு நடப்பது போல இருந்தது. ராமமூர்த்தி மெல்லச் சாய்ந்தார். ராமலிங்கம் பிடித்துக்கொண்டார்.

மஞ்சள் தண்ணீர் தெளித்து உட்கார வைத்தார்கள்.

"இத்தினி வருஷமா அடிக்கறே. ஒரு நாளும் வரலியே உனக்கு," என்றார் கோதண்டராமன்.

ராமமூர்த்தி வேட்டியைச் சரிசெய்துகொண்டார். வெட்கமாக இருந்தது அவருக்கு. "அடிக்கறப்ப புத்தி பூரா கையிலயே இருக்கும்பா. இன்னிக்குத்தான் சும்மா நின்னு கேட்டேன்." பிறகு பூங்காவனத்திடம், "நல்லா எறக்கி உட்டம்மா. வலிக்கல," என்றார்.

"நீங்க ரொம்ப கனம்ணா," என்றார் பூங்காவனம். மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

கோதண்டராமன் வெற்றிலை பாக்குத் தட்டைக் கொண்டுவந்து அடுத்த ஆடிக்கும் சேர்த்துப் பூங்காவனத்திடமே நீட்டினார். அவர் வாங்கி நிஷா கையில் கொடுத்தார்.

பஸ்ஸுக்காக ரோட்டில் நின்றபோது, பக்கத்து ஊரிலிருந்து கூழுக்கு வந்திருந்த ஒருவர் வண்டியை நிறுத்தி, அடுத்த வாரம் சனிக்கிழமை தங்கள் ஊரில் கூழ், வருவீர்களா என்று கேட்டார்.

"சனிக்கிழமை ஓவர்டைம் இருக்குங்க," என்றார் பூங்காவனம். "ஞாயித்துக்கிழமைன்னா சொல்லுங்க, வர்றோம்."

வண்டியில் வந்தவர் போனை எடுத்துத் தன் ஊருக்குப் பேசினார். அம்மன் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்துக்கொண்டாள்.