ஒரே ஒரு லா

புஷ்பவள்ளி இருபத்தேழு ஆண்டுகளாகக் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவர். பினாங்குத் தீவின் பாயான் பாருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு மேற்பார்வையாளர். சர்க்யூட் பலகையில் ஈயப்பொட்டு ஒரு நூலிழை விலகியிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். இப்படிப்பட்டவர் இசை நாடகம் எழுதியதில் ஆபத்தில்லை. அதை அவரே இயக்கியதில்தான் மற்றவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

காரணம் ஒரு விருந்தாளி. தமிழ் விழா ஒன்றுக்குச் சென்னையிலிருந்து வந்தவர், புஷ்பவள்ளியின் நன்றியுரையைக் கேட்டுவிட்டு, "உங்க பேச்சு ரொம்ப இனிமைம்மா. அந்த 'லா'வ மட்டும் எடுத்துட்டா தமிழாயிடும்" என்று சிரித்தார். அவர் சிரிக்காமல் இருந்திருந்தால் பினாங்கு ஒரு நாடகத்திலிருந்து தப்பியிருக்கும்.

மலாய் மொழியிலிருந்து வந்து எங்கள் வாக்கியங்களின் வாலில் குடியேறிவிட்ட அசை அது. கெஞ்சவும் அதட்டவும் அது ஒன்றே போதும்.

"ரெண்டு மணி நேரம். ஒரு லா கூட இல்லாம, சுத்தத் தமிழ். நம்ம ஊரு ஆளுங்க வாயாலயே. முடியும்னு காட்டணும் லா" என்றார் புஷ்பவள்ளி.

நாடகத்தின் பெயர் 'கடாரத்து நிலா'. சோழ நாட்டுக் கப்பல் தலைவன் கடாரத்து இளவரசியைக் காதலிக்கிறான், இளவரசி இறக்கிறாள், கோட்டை இடிகிறது. பதினொரு பாட்டு. இசை சாதிக். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் குடும்பத்தாரின் நாசி கண்டார் கடையில் பகலெல்லாம் சோற்றுக்குக் கறி ஊற்றிவிட்டு மாலையில் கீபோர்டு வாசிப்பவர்.

"அக்கா, தலைப்புலயே ஒரு லா இருக்கே லா" என்றார் சாதிக்.

"அது பிறவியிலயே இருக்கு. குறையில சேராது, செக்கிங்ல பாஸ்."

ஒத்திகைக் கூடத்தின் சுவரில், தொழிற்சாலையில் ஒட்டுவது போலவே ஒரு குறைக்கணக்குத் தாளை ஒட்டினார் புஷ்பவள்ளி. முதல் ஒத்திகையில் நூற்று நாற்பத்திரண்டு லா. இயக்குநர் சொன்னவை அதில் சேரவில்லை. சேர்த்திருந்தால் சுவர் போதாது.

நாயகன் குணாளன் அதே தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்ப்பவர். நாயகி பிரமிளா பாலத்துக்கு அக்கரையில், புக்கிட் மெர்தாஜாமில் காப்புறுதி அலுவலக ஊழியர். குணாளனுக்கு ஷிஃப்ட் வாரந்தோறும் மாறும். பிரமிளாவுக்குப் பாலத்து நெரிசல் என்றைக்கும் மாறாது. ஆகவே ஐந்து மாதம் அவர் ஒரு தூணைப் பார்த்துக் காதல் பாட்டுப் பாடினார்; இவர் மின்விசிறியைப் பார்த்துப் பாடினார். கடைசியில் இருவரும் சேர்ந்து நின்றபோது, தூணிடம் வந்த உணர்ச்சி வரவில்லையே என்று குணாளன் வருந்தினார்.

ஆனாலும் லா குறைந்தது. அறுபது, பத்தொன்பது, நான்கு. அப்போது வேறொரு வியாதி தொடங்கியது. பயந்துபோன பிரமிளா நியாயமான லாவையும் விழுங்கலானார். "வானில் உலவும் வெண்ணி..." என்று பாடி வாயை மூடிக்கொண்டார்.

"நிலான்னு சொல்லு லா!"

"சொன்னா கோடு போட்டுருவீங்களே அக்கா!"

மூன்று நாள் காட்சிக்கு ஜார்ஜ் டவுனில் முந்நூற்றெண்பது நாற்காலிகள் கொண்ட அரங்கம் எடுத்தார்கள். முதல் நாள் வந்தவர்கள் எழுபத்தொரு பேர். பாதிப் பேர் நடிகர்களின் சொந்தக்காரர்கள். செந்தமிழில் ஒரு பிழையும் இல்லை, கேட்டவர்களுக்குத்தான் புரியவில்லை. முன்வரிசையில் ஓர் அம்மா பக்கத்திலிருந்தவரிடம், "எப்ப தமிழ்ல பேசுவாங்க?" என்று கேட்டார்.

காட்சிகளுக்கு நடுவே அசரீரியாகக் கதை சொன்னவர் புஷ்பவள்ளிதான். சட்டைக் கழுத்தில் ஒலிவாங்கி, கையில் குறைக்கணக்குத் தாள், நின்றது பக்கத் திரைக்குப் பின்னால். பத்துப் பாட்டு முடிந்தது. தாள் வெள்ளையாகவே இருந்தது.

பதினோராம் பாட்டு முடிந்த பிறகு விழவேண்டிய கோட்டைச் சுவர், பாட்டின் பாதியிலேயே சாய ஆரம்பித்தது. கனமான பிளைவுட். அதற்கு நேர் கீழே பிரமிளா மெல்ல இறந்துகொண்டிருந்தார்.

"குணா, சுவத்தப் பிடி லா!"

ஒலிவாங்கி அணைக்கப்படவில்லை. அரங்கம் முழுக்க அந்த லா உருண்டது. இரண்டு மணி நேரத்தில் முதன்முறையாக ஒரு வசனம் புரிந்த மகிழ்ச்சியில் மக்கள் கைதட்டினார்கள்.

குணாளன் பாய்ந்து சுவரை முதுகில் தாங்கினார். இப்போது அவர் வாயைத் திறந்தார். பினாங்கில் பிறந்த எவருக்கும் அந்த இடத்தில் 'பிடிச்சிட்டேன் லா' என்பதைத் தவிர வேறு வராது. சாதிக்கின் விரல்கள் கட்டையிலேயே நின்றன. புஷ்பவள்ளி கண்ணை மூடிக்கொண்டார்.

"தாங்கினேன், தாயே!" என்றார் குணாளன். சுருதி கூட விலகவில்லை.

மீதி நான்கு நிமிடப் பாட்டையும் சுவரைச் சுமந்தபடியே பாடினார். கீழே பிரமிளா, "நிலா" என்று முழுசாகப் பாடிவிட்டு இறந்தார்.

மறுநாளுக்கு ஒன்பது டிக்கெட்தான் போயிருந்தது. மிச்சக் காட்சிகள் ரத்து. முகநூலில் வந்த ஒரே விமர்சனம், நாடகம் நீளம் என்றும் சுவரின் நடிப்பு இயல்பாக இருந்தது என்றும் சொன்னது.

குறைக்கணக்குத் தாள் இப்போது புஷ்பவள்ளியின் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. கடைசி வரியில், 'நடிகர்கள்: 0. இயக்குநர்: 1.' பக்கத்தில் தேதி, கையெழுத்து. குறை யாருடையதானாலும் பதியாமல் விடுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

போன தீபாவளிக்கு வந்த உறவினர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "நாடகம் ஓடுச்சா?" என்று கேட்டார்.

"எங்க ஓடுச்சி? ஊத்திக்கிச்சி லா" என்றார் புஷ்பவள்ளி, முறுக்குத் தட்டை அவர் பக்கம் தள்ளியபடி. பிறகு எழுந்து போய், அந்தப் பூஜ்யத்தின் மேல் விரலை வைத்துக் காட்டினார். "இதப் பாருங்க. என் புள்ளைங்க. தலைக்கு மேல சுவர் விழுந்தப்ப கூட."