அந்தப் பெயரில் மூன்று பேர்

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் ஊர்ப் பெரிய கோயில் சாமியின் பெயர் அது. காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் நின்று சத்தமாகக் கூப்பிட்டால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். எங்கள் காலனியிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்கள் ஞானஸ்நானம் எடுப்பதற்கு முன்னால் வைத்த பெயர், வீட்டில் இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார் திருத்தம், பட்டா, பரீட்சை விண்ணப்பம் எல்லாம் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வரிசையில் நிற்காமல் முண்டுகிறவர்களை நன்றாகவே திட்டுவேன், அதற்காக யாரும் வராமல் போனதில்லை.

அந்தப் பெரியவர் முதல் தடவை வந்தபோது கையில் பேப்பரிலிருந்து கத்தரித்த ஒரு துண்டுதான் இருந்தது. எழுபது வயது இருக்கும். நெற்றி நிறைய விபூதி. ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருகிறார், தறி வேலை. பேப்பரில் கபடிப் போட்டியில் ஜெயித்த ஒரு டீமின் படம். ஓரமாக நிற்கும் கோச்சின் முகத்தை மட்டும் பெரிதாக்கிக் கொடு என்றார். உங்கள் பையனா ஐயா என்று கேட்டேன். தெரியவில்லையே அம்மா என்றார். பெற்ற பிள்ளையா இல்லையா என்று தெரியாதாமே, இது என்னடா கூத்து என்று நினைத்துக்கொண்டேன்.

பெரிதாக்கினால் முகம் புள்ளி புள்ளியாகக் கலைந்துபோனது. அதையும் அவர் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். பையன் வீட்டை விட்டுப் போய்ப் பதினைந்து வருஷம். எங்கே என்று தெரியாது. அந்தச் சாமி பெயர்தான் அவனுக்கு. பேப்பரில் அதே இனிஷியலோடு அதே பெயரைப் பார்த்தால் இவருக்குக் கை கால் ஓடாதாம். நம் ஊரில் ஒரு மனிதனுக்கு ஒரு எழுத்தும் ஒரு பெயரும்தானே. அதை வைத்துக்கொண்டு யாரை என்று தேடுவது?

மறு வாரம் வேலூர் வரைக்கும் போய்க் கோச்சைப் பார்த்துவிட்டு வந்தார். வேற ஆளாம். பாவம், அந்தக் கோச் டீ வாங்கிக் கொடுத்துப் பஸ் ஏற்றிவிட்டிருக்கிறார்.

அடுத்தது பாட்டுக்காரர். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் பேனர் கட்டியிருந்தார்கள், இன்னிசைக் கச்சேரி என்று. பாடுகிறவர்களில் மூன்றாவது பெயர் அது. பெரியவர் மத்தியானமே போய் உட்கார்ந்துவிட்டார். மைக்கைச் சோதித்துப் பார்க்க அந்த ஆள் மேடையேறியதுமே தெரிந்துவிட்டது, இவன் இல்லை. ஆனாலும் எழுந்து வர மனசில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். பாடி முடித்து இறங்கிய ஆள், யாரோ பெரியவர் இவ்வளவு நேரமாகத் தன் பாட்டைக் கேட்கிறாரே என்று நினைத்து நேராக வந்து காலைத் தொட்டுவிட்டான். ஆசீர்வாதம் பண்ணுங்கப்பா என்று கேட்டானாம்.

"கையத் தூக்க முடியலம்மா" என்றார் என்னிடம். "அப்பிடியே எழுந்து வந்துட்டேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி அலைய வைத்துவிட்டு எங்கேயோ உட்கார்ந்திருக்கிறானே, அவனெல்லாம் ஒரு மனுஷனா என்று அந்தப் பையனை மனதுக்குள் வாய்க்கு வந்தபடி ஏசினேன். பையன் போட்டோ ஒன்று கொண்டுவாருங்கள் ஐயா, கம்ப்யூட்டரில் தேடிப் பார்க்கலாம் என்று நானாகத்தான் சொன்னேன். யார் என்னைக் கேட்டார்கள்?

வீட்டில் ஒரு படமும் கிடையாது, எல்லாவற்றையும் கொளுத்தியாகிவிட்டது, இது ஒன்றுதான் மிச்சம் என்று மறுநாள் ஒரு பழைய செய்தித்தாளைக் கொண்டுவந்தார். ஸ்கேனரில் வைக்கப்போகும்போதுதான் படித்தேன். பொது அறிவிப்பு என்று தலைப்பு. கீழே தபால்தலை அளவில் ஒரு பையனின் முகம். பெற்றோர் பேச்சை மீறி நடந்துகொண்டதால் இன்னார் மகன் இன்னாருக்கும் என் குடும்பத்துக்கும் இனி எந்தச் சம்பந்தமும் இல்லை என்று இவர் கையெழுத்தோடு போட்டிருந்தது.

"இன்னாங்கய்யா இது?" என்றேன்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பையன் ஒரு பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கொண்டான். காலனிப் பெண். இவர் சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் குளத்தில் தலை முழுகிவிட்டார். செத்துப்போனவனுக்குச் செய்கிற மாதிரி பதினாறாம் நாள் காரியம்கூடச் செய்தாராம். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "நானும் காலனிதாங்கய்யா" என்றேன்.

"தெரியும்மா. அதான் இங்க வந்தேன். எங்க ஆளுங்க கடைக்குப் போனா ஊருக்கே தெரிஞ்சிடும்."

அதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல! அவர் ஊர் என்று சொன்னதில் நாங்கள் இல்லை. எங்களுக்குத் தெரிந்தால் யாருக்கும் தெரிந்த மாதிரி இல்லை. பேப்பரை அவர் கையில் திணித்து, எழுந்து போங்கள் என்றேன். கடையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அவர் பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்று நாள் கழித்துத் திரும்ப வந்தார். உள்ளே வரவில்லை. எதிர்ப் பக்கம் பழக்கடை நிழலில் ஒரு மணி நேரம் நின்றார். மறுநாளும் அதே. பார்க்காத மாதிரி எத்தனை நாள் இருக்க முடியும்? கடைசியில் நானே கூப்பிட்டு உட்கார வைத்தேன். அவர் மேல் இரக்கப்பட்டு என்று சொன்னால் பொய். அந்தப் பெண் என்ன ஆனாள் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் இந்த ஊரை விட்டுப் பயந்து ஓடியவள், எங்கேயாவது நன்றாக இருக்கிறாளா?

பெயரைப் போட்டுத் தேடினால் கம்ப்யூட்டரில் நூற்றுக்கணக்கில் வந்தார்கள். மாலை போட்டுக்கொண்டு நிற்பவர், புல்லட்டில் உட்கார்ந்திருப்பவர், நடிகர் படத்தை வைத்துக்கொண்டு தன் முகத்தையே காட்டாதவர். கடையில் கூட்டம் இல்லாத நேரமெல்லாம் ஒவ்வொருவராகத் தள்ளிக்கொண்டே போனேன். ஒரு மாசம் போனது. ஓசூரில் பாக்குமட்டைத் தட்டு தயாரிக்கிற ஒரு கம்பெனியின் இணையப் பக்கத்தில் கை நின்றது. முதலாளியின் பெயர் அது, அதே இனிஷியல். கம்பெனி திறந்த அன்றைக்கு எடுத்த படத்தில் அவரும் மனைவியும் பள்ளி யூனிஃபார்மில் இரண்டு பெண் பிள்ளைகளும் நின்றார்கள். நெற்றியும் காதும் அப்படியே ஐயம்பேட்டைப் பெரியவர். மனைவி நல்ல பட்டுப்புடவை கட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது, முன்னே பின்னே தெரியாத பெண்.

பெரியவரிடம் சொல்வதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று மத்தியானம் அங்கே போட்டிருந்த நம்பருக்குப் போன் பண்ணினேன். அவரேதான் எடுத்தார். காஞ்சிபுரத்திலிருந்து பேசுகிறேன், ஐயம்பேட்டையில் உங்கள் அப்பா உங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்றேன். பின்னால் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. அவர் நடந்து வெளியே வந்தார் போல, சத்தம் குறைந்தது.

"அந்தப் பேர்ல அவருக்கு ஒரு பையன் இருந்தாங்க" என்றார். "செத்துட்டான்னு அவரே குளத்துல முழுகிட்டாரு. நான் வேற ஆளுங்க. இந்தப் பேர்ல எத்தினியோ பேர் இருக்காங்க."

போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"மழைக்காலத்துல அவருக்கு இளைப்பு வருமே" என்றார். "இப்பவும் வருதுங்களா?"

வருகிறது, என் கடைப் படி இரண்டையும் ஏறுவதற்குள் மூச்சு வாங்குகிறது என்றேன். சரிங்க என்றார். போனை வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை பெரியவர் வந்தார். கம்ப்யூட்டர் பக்கமே பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். ஓசூரில் ஒருவர் கிடைத்தார், போன் பண்ணிக் கேட்டேன், அவரும் வேற ஆள்தான் என்றேன்.

"அவரே சொன்னாரா?"

"ஆமாங்கய்யா. அவரேதான் சொன்னாரு."

பெரியவர் மடியிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த ஆளுக்குப் பசங்க இருக்குதாம்மா?"

"ரெண்டு பொண்ணுங்க. போட்டோ இருக்குது, பாக்கறீங்களா?"

மானிட்டரை அவர் பக்கம் திருப்பப் போனேன். அவர் கையை நீட்டித் தடுத்துவிட்டார்.

"வேற ஆளு வூட்டுக் கொழந்தைங்கள நான் எதுக்கும்மா பாக்கணும்?"

எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். படி வரைக்கும் போய் நின்றார். திரும்பாமலேயே கேட்டார்.

"வேற எதுனா கேட்டாராம்மா, அந்த ஆளு?"

எனக்கு அந்தப் பதினாறாம் நாள் காரியம் நினைவுக்கு வந்தது. ஊருக்கே தெரிஞ்சிடும் என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது.

"இல்லீங்கய்யா" என்றேன். "ஒண்ணும் கேக்கல."

தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார். அதற்குப் பிறகு அவர் வரவே இல்லை. மழை பிடித்துக்கொண்டால் அவர் எப்படி இருக்கிறாரோ என்று நினைப்பேன், ஐயம்பேட்டைக்குப் போய்ப் பார்க்கத் துணிச்சல் இல்லை. அந்தப் பெண்ணுக்காகத்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன் என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அவள் ஓசூரில் சிரித்துக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறாள். நான் எனக்காகச் சொன்னேன்.