கோரைப்பல்லில் மாட்டிய பஞ்சு

ஒரு வாரமாகப் பல் கம்பி குத்தி உதட்டின் உள்ளே புண். நாளைக்குப் பேச்சுப்போட்டி.

இன்று பல் டாக்டரைப் பார்க்க ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற பஸ்ஸிலும் நாக்கு அங்கேயே போனது. நூல் மில்லில் வேலை பார்க்கும் அம்மா அதட்டினாள். "ஏட்டி, செத்த நேரம் நாக்கச் சும்மா வையி."

பல் டாக்டரும், "போகப் போகப் பழகிரும்மா" என்றார்.

அம்மா மேசையிலிருந்த பஞ்சை எடுத்தாள். "மில்லுல நூல் அறுந்துக்கிட்டே இருந்தா, அது ஓடுற இடத்துல பஞ்சத் தேய்ப்போம் சார். பிசிறு இருந்தா மாட்டிக்கிடும்."

பற்களில் ஒட்டியிருந்த உலோகத் துண்டுகள்மேல் அம்மா தேய்த்த பஞ்சு வழுக்கிக்கொண்டு போனது. கோரைப்பல்லில் மட்டும் இழை மாட்டித் தொங்கியது.

டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். "கம்பெனியில ஓரத்தைச் சரியா மெருகேத்தாம அனுப்பிட்டாங்க" என்று வேறு துண்டு மாற்றினார்.

இப்போது குத்தவில்லை. நாளைக்குப் பேசிவிடுவேன்.

ஆனால் நாக்கு இன்னும் அங்கேயே போய்ப் பிசிறைத் தேடுகிறது. கம்பி போட்டவர்களே, உங்களுக்கு எப்போது நின்றது?