கடை முகப்பில் ஒரு தொட்டில்

குழந்தைச் சாமான் விற்பவள் என்று சொன்னால், நாள் முழுக்கப் பிள்ளைகளைக் கொஞ்சிக்கொண்டிருப்பவள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. என் சம்பந்தமெல்லாம் ரேக்குகளோடுதான். எங்கள் கம்பெனியின் சோப்பு, பவுடர், ஜப்லா, டயப்பர் எல்லாம் மதுரையின் பெரிய கடைகளில் எந்தத் தட்டில் இருக்க வேண்டும், எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று கடைக்காரர்களோடு மல்லுக்கட்டுவது என் பிழைப்பு. ஒரு சாண் தட்டுக்காக நான் போட்ட சண்டையைச் சொத்துக்காகப் போட்டிருந்தால் இந்நேரம் தல்லாகுளத்தில் சொந்த வீட்டில் இருந்திருப்பேன்.

அப்படிச் சண்டை போட்டு வாங்கியதுதான் அந்தக் கடையின் முகப்பு. மளிகை, பாத்திரம், துணி என்று மாடி மாடியாக விற்கிற கடை. கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே வந்தால் முதலில் கண்ணில் படுகிற இடம் எங்களுக்குக் கிடைத்தது. மேனேஜர் லேசில் மசிகிற ஆள் இல்லை. "விக்கலைன்னா மாசக் கடைசில குக்கர் கம்பெனிக்குக் குடுத்துருவேன் மேடம், அப்புறம் வருத்தப்படக் கூடாது" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

அங்கே எதை எப்படி அடுக்க வேண்டும் என்று வடக்கே இருக்கிற தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு படம் வந்தது. நடுவில் ஒரு மரத்தொட்டில், அதைச் சுற்றி அரைவட்டமாகத் தட்டுகள். தொட்டிலுக்கு அடியில் ஒரு மோட்டார். அது தானாக ஆடிக்கொண்டே இருக்கும். அசைகிற பொருள்தான் வாடிக்கையாளர் கண்ணை இழுக்குமாம். மெத்தையின் நிறம் தெரிய வேண்டும், அதனால் தொட்டிலுக்குள் எதையும் வைக்கக் கூடாது என்றும் எழுதியிருந்தார்கள்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வெறுந்தொட்டிலை ஆட்டினால் பிள்ளைக்கு ஆகாது என்பது நம்மூரில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களாகப் பார்த்துப் பொறுக்கி எங்கள் தலைமை அலுவலகத்தில் வேலைக்கு வைத்திருந்தார்கள். போன் போட்டுச் சொல்லிப் பார்த்தேன். கை படாமல் மோட்டார்தானே ஆட்டுகிறது என்று பதில் வந்தது.

முதல் நாள் காலையில் சீரகம் வாங்க வந்த ஒரு அம்மா, கூடையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் தொட்டிலைப் பிடித்து நிறுத்தினார். "இங்க யாரு பொறுப்பு? பெத்த புள்ளைக வீட்டுல இல்லையா?" என்று கேட்டார். நான் மசாலாப் பொட்டலங்களைப் பார்ப்பது போல அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டேன்.

அந்த முகப்பில் நின்று விற்க ஒரு பெண்ணைக் கம்பெனி வேலைக்கு எடுத்திருந்தது. உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண். கட்டிக் கொடுத்த இடம் அவனியாபுரம். கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டினார். அதிகம் பேச மாட்டாள். ஆனால் அவள் மடித்து வைத்த துணியைக் கலைக்க யாருக்கும் மனசு வராது.

மதியத்துக்கு மேல் நான் வந்து பார்க்கும்போதெல்லாம் தொட்டில் ஆடாமல் நின்றது. சுவிட்சைப் போட்டுவிட்டுப் போவேன், திரும்பி வந்தால் நின்றிருக்கும். ஆடுகிற தொட்டிலை வீடியோ எடுத்துத் தினமும் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது உத்தரவு. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மோட்டார் ரிப்பேரா, இல்ல நீ அமத்துறியா?" என்று கேட்டேன்.

"நாந்தேன் அமத்துறேன்" என்றாள். "என்னைய வேலைய விட்டு நிப்பாட்டுனாலும் பரவாயில்லக்கா. இத ஆட விட்டுட்டு என்னால பக்கத்துல நிக்க முடியாது."

சொல்லிவிட்டு ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கம்பெனி கொடுத்த தொளதொளச் சட்டை அதுவரை மறைத்திருந்தது. அஞ்சாவது மாசம் என்றாள். வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. இதற்கு முன்னால் ஒன்று ஏழாவது மாதத்தில் தங்காமல் போயிருக்கிறது.

"அதுக்கு அவரு ஆசை ஆசையா எல்லாம் வாங்கிட்டாருக்கா. சட்டை, கொசுவலை போட்ட மெத்தை, தலைக்குக் குல்லா வரைக்கும். வேணாம், புள்ள வந்த பெறகு பாத்துக்கலாம்னு சொன்னேன், கேக்கல. ஆஸ்பத்திரியில இருந்து வெறுங்கையா வந்து பாத்தா, கட்டில் மேல அம்புட்டும் இருக்கு. யாருக்குக் குடுக்குறதுன்னு தெரியாம ரெண்டு பேரும் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தோம்."

சுவிட்ச் போர்டிலிருந்து ஒயரை உருவி என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். தொட்டில் நிறையப் பூத்துவாலைகளை அடுக்கினோம். மோட்டார் புகைந்துவிட்டது, தீப்பிடித்தால் கடைக்காரர் நம் மேல்தான் வழக்குப் போடுவார் என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். வழக்கு என்றதும் அவர்கள் அடங்கிவிட்டார்கள்.

தொட்டில் நின்றதே தவிர விற்பனை நடக்கவில்லை. அந்த முகப்பே கர்ப்பிணிகளை நம்பிப் போட்டது. பிரசவத்துக்கு முன்பே எல்லாம் வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்று கணக்கு. வந்தார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து, சின்னச் சட்டைகளை விரலால் தடவிப் பார்த்து, கூட வந்த மாமியாரின் முகத்தைப் பார்த்து, கையை எடுத்துக்கொண்டு போனார்கள். பிறக்காத பிள்ளைக்கு யார் வாங்குவார்கள்? அவளும் அவர்களிடம் எதையும் எடுத்து நீட்ட மாட்டாள். "பாத்து வச்சுக்கங்க, புள்ளையத் தூக்கிட்டு வந்து வாங்கிக்கலாம்" என்பாள். இப்படி ஒரு விற்பனைப் பெண்ணை நான் எங்கும் கண்டதில்லை. குக்கர் கம்பெனி ஆள் வந்து டேப்பை வைத்து எங்கள் இடத்தை அளந்துவிட்டுப் போனார்.

அவள் சாப்பிடப் போயிருந்த ஒரு மதியம், முகப்பில் நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். ஒருவர் செருப்பு வழுக்கிவிடும் வேகத்தில் ஓடி வந்தார்.

"அக்கா, தங்கச்சிக்குப் புள்ள பொறந்திருக்கு. துணிமணி கேக்குறாக, சட்டுன்னு குடுங்க."

"என்ன அளவு வேணும்?"

"புள்ள அளவுதேன்."

சோப்பெல்லாம் ஒரு தட்டு, துணியெல்லாம் ஒரு தட்டு, டயப்பரெல்லாம் ஒரு தட்டு என்று நாங்கள் அழகாகத்தான் அடுக்கியிருந்தோம். மனிதர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் ஒரு பவுடர் டப்பாவையும் கிலுகிலுப்பையையும் எடுத்தார். பிறந்து ஒரு மணி நேரம் ஆன பிள்ளைக்குக் கிலுகிலுப்பை! நானே எல்லாம் எடுத்துப் பையில் போட்டுக் கொடுத்து அனுப்பினேன். அவர் போன பிறகு வெகுநேரம் அந்த ரேக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிள்ளை பிறக்கும் வரை இங்கே ஒருவரும் வாங்க மாட்டார்கள். பிறந்துவிட்டால் எல்லாமே அரை மணி நேரத்தில் வேண்டும். வாங்க ஓடி வருகிறவரோ தாய்மாமன், இல்லாவிட்டால் தகப்பன். வீட்டிலேயே விவரம் தெரியாத ஆளைத்தான் கடைக்கு அனுப்புகிறார்கள்.

அவள் வந்ததும் சொன்னேன். ஒரே சாயங்காலத்தில் எல்லாவற்றையும் கலைத்து நாள் வாரியாக அடுக்கினோம். 'பிறந்த அன்றைக்கு' என்று எழுதி முதல் தட்டு. அதில் ஜப்லா, குல்லா, துண்டு, பாலாடை எல்லாம் சேர்த்து ஒரே பையாகக் கட்டி வைத்தோம். அடுத்தது 'வீட்டுக்கு வரும்போது', பிறகு 'தொட்டில் போடும்போது', அப்புறம் 'ஆறு மாதம்', கடைசியில் 'ஒரு வயது'. நான் இன்னொன்றும் செய்தேன். விற்கிறவர்கள் உட்காரக் கூடாது என்பது அந்தக் கடையின் சட்டம். டிஸ்பிளேயில் சேர்ந்தது என்று சொல்லி, மஞ்சள் வண்ணம் பூசிய ஒரு குட்டி நாற்காலியைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டேன். மேனேஜர் வந்து நாற்காலியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"டிஸ்பிளேதானே மேடம்?"

"ஆமா சார்."

"அப்ப அது காலியா இருந்தா நல்லா இருக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆளுக்குள் இப்படி ஒருவர் இருப்பார் என்று நான் நினைக்கவே இல்லை.

அதன் பிறகு பைகள் பறந்தன. மாநகரத்தில் பிள்ளை பிறக்கும் செய்தியெல்லாம் முதலில் எங்களுக்குத்தான் வருகிறது என்று சொல்லிச் சிரித்துக்கொள்வோம். வியர்க்க விறுவிறுக்க ஓடி வரும் ஆண்களிடம் அவள், "என்ன புள்ள? தாய் நல்லா இருக்காகளா?" என்று விசாரித்துவிட்டுத்தான் பையை எடுப்பாள். குக்கர்காரர் பிறகு வரவில்லை.

ஏழாவது மாதம் வந்ததும் அவள் பேச்சே குறைந்துவிட்டது. ஒரு நாள் விளையாட்டாக, "உனக்கு இதுல எந்தச் சட்டை பிடிச்சிருக்கு, சொல்லு" என்று கேட்டேன். மடித்துக்கொண்டிருந்த சட்டையைச் சட்டென்று தட்டில் போட்டுவிட்டாள். "அதெல்லாம் கேக்காதீகக்கா" என்றாள். பிறகு நான் கேட்கவில்லை.

எட்டாவது மாதம் பிறந்த சில நாட்களில் அவள் வேலைக்கு வரவில்லை. கணவருக்குப் போன் போட்டேன். இரவே வலி வந்து பெரியாஸ்பத்திரியில் சேர்த்ததாகச் சொன்னார். மறுநாள் போட்டபோது, "பொம்பளப் புள்ளக்கா. கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காக. டாக்டரு ஒண்ணும் சொல்லல" என்றார். பார்க்கப் போனேன், உள்ளே விடவில்லை. அதற்குப் பிறகு போன் போடவே பயமாக இருந்தது. அவர் எடுத்து என்ன சொல்வாரோ என்று, எண்ணை எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவேன். அவள் இடத்தில் நானே நின்று பைகளை விற்றேன். ஓடி வருகிற ஒவ்வொரு ஆணின் சிரிப்பையும் பார்க்க அந்த நாட்களில் எனக்கு எரிச்சலாக வந்தது. அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

அப்புறம் ஒரு மதியம் அவள் கணவர் வந்தார். அவர் ஓடி வரவில்லை. காக்கிச் சட்டையோடு மெதுவாக நடந்து வந்து தட்டுகளுக்கு முன்னால் நின்றார். சவரம் செய்யாத முகத்தில் எனக்கு ஒன்றும் புலப்படவில்லை. முதல் தட்டிலிருந்து இருப்பதிலேயே சின்ன அளவுப் பை ஒன்றை எடுத்து நீட்டினேன்.

அவர் தலையை ஆட்டி, "இது வேணாம்க்கா" என்றார்.

ரேக்கைப் பிடித்துக்கொண்டேன்.

"காலைல பெட்டிய விட்டு எடுத்து அவ கையில குடுத்துட்டாக" என்றார். "இனி பயமில்லன்னு டாக்டரு சொல்லிட்டாக. ஆஸ்பத்திரியிலயே பழைய வேட்டியில சுத்தித்தேன் வச்சிருக்கு, இப்ப அதுக்குத் துணி எதுவும் வேணாம். ஆறு மாசத்துக்குப் பெறகு போடுறதா பாத்து வாங்கிட்டு வரச் சொன்னா. நான் வேணாம்னுதேன் சொன்னேன். கேக்க மாட்டேங்குறா. இன்னைக்கே வாங்கிட்டு வாங்கங்குறா."

நான் அழுதுவிட்டேன். கடையின் முகப்பில், வருவோர் போவோர் எல்லாம் பார்க்க, வெட்கமில்லாமல் நின்று அழுதேன். பிறகு ஆறு மாதத் தட்டிலிருந்து சிவப்புப் பூப்போட்ட ஒரு கவுனை எடுத்து அவரிடம் கொடுத்தேன். அவர் அதை வாங்கித் தன் நெஞ்சோடு வைத்து அளந்து பார்த்தார்.

"நல்லாருக்குக்கா" என்றார். "ஒரு வயசுப் புள்ளைக்கு உள்ளதும் ஒண்ணு எடுங்க."