தூக்குக்குள் போன என் போன்

ஒரு வாரமாக நான் போனை எடுக்கவில்லை என்று கோபத்தில் இருப்பவர்களுக்கு.

எனக்கு இப்போது ஏழு மாதம். போன் கதிர் வயிற்றுப் பிள்ளையைத் தாக்கும் என்று மாமியாருக்கு யாரோ வீடியோ அனுப்பிவிட்டார்கள். அன்றே என் போனை எவர்சில்வர் தூக்கில் போட்டு இறுக்க மூடிவிட்டார். பெங்களூரிலிருந்து கணவர் கூப்பிட்டால், 'தொடர்பு எல்லைக்கு வெளியே'.

எனக்கும் உள்ளூரப் பயம்தான். எத்தனை மணி நேரம் பேசியிருப்பேன்!

இன்று கள்ளக்குறிச்சியில் செக்கப். தூக்கும் கூடவே வந்தது.

“இன்னாங்க டாக்டர், போன் பேசினா கொழந்தைக்கு ஆவாதாமே?” மாமியாரே கேட்டார்.

“கெடுதல்னு இதுவரைக்கும் உறுதியா எதுவும் தெரியலம்மா. மனசு கேக்கலன்னா ஸ்பீக்கர்ல பேசட்டும். ஆனா மலை மேல, வெள்ளிமலையில இருக்கீங்க. வலி வந்தா ஆம்புலன்ஸக் கூப்பிட போன் கையிலயே இருக்கணும்.”

அப்பாடா! பஸ்ஸில் உட்கார்ந்ததும் போன் என் கைக்கு வந்துவிட்டது.

மாமியார் தன் போனில் மகளைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். அவளும் மாசமாக இருக்கிறாள்.

“இன்னாடி இது, எல்லைக்கு வெளியன்னே சொல்லிக்கினு கீது?”

“அவளுக்கும் தூக்கு ஐடியா சொன்னீங்களா அத்தை?”

மாமியார் தூக்கை முந்தானைக்குள் மறைத்துக்கொள்கிறார்.

எலவனாசூர்கோட்டை நண்பர்களே, யாராவது என் நாத்தனார் வீட்டுக்குப் போய் அந்த மூடியைக் கொஞ்சம் திறந்துவிடுங்களேன்.